அமெச்சூர் வானொலியில் எண்முறைக் குறிநீக்கச் சிக்கல்கள்

எண்முறைக் குறிநீக்கச் சிக்கல்கள் என்பன, அமெச்சூர் வானொலியில் எண்முறையில் அனுப்பப்படும் குறிகைகளை ஏற்பியும் கணினி மென்பொருளும் சேர்ந்து மீண்டும் எழுத்தாகவோ படமாகவோ மாற்ற இயலாமல் போகும் நிலைமைகளைக் குறிக்கும். குறிகை காதில் கேட்கும். திரையில் கோடாகவும் தெரியும். ஆனால் செய்தி மட்டும் கிடைக்காது. புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அலைவாங்கியையோ வானொலிக் கருவியையோ குறை கூறுவதுண்டு. உண்மையில் கணினியின் கடிகாரம், ஒலி அளவு, மென்பொருள் அமைப்புகள், சுற்றுப்புற மின் இரைச்சல் ஆகிய நான்குமே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணமாகின்றன. முதல் மூன்றையும் செலவின்றிச் சரிசெய்யலாம்.

இக்கட்டுரை இச்சிக்கல்களைப் பொதுவாக விளக்குவதுடன், தொழிற்சாலைகள் நெருங்கிய இடத்திற்கு எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டின் வேலூர் - ஆம்பூர் தோல் தொழிற் பகுதியையும் எடுத்துக்கொள்கிறது.

பின்னணி

தட்டச்சுச் செய்திகளை வானொலியில் அனுப்பும் வழக்கம் தொலையச்சுக் காலத்திலேயே தொடங்கியது. வீட்டுக் கணினிகளில் ஒலி அட்டை பரவலான பின்னர், தனிக் கருவி எதுவுமின்றி மென்பொருளே பண்பேற்றத்தையும் பண்பிறக்கத்தையும் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மார்ட்டினெஸ் உருவாக்கிய பி.எஸ்.கே.31 முறை 1998 இல் பரவியது. 1974 இல் இரட்டைத் துடிவிண்மீனைக் கண்டறிந்தமைக்காக 1993 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், மிக நலிந்த குறிகைகளுக்கான டபிள்யூ.எஸ்.ஜே.டி. மென்பொருளை 2001 இல் வெளியிட்டார். அவரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017 இல் அறிமுகப்படுத்திய எஃப்.டி.8 முறை சில ஆண்டுகளிலேயே உலகில் மிகுதியாகப் பயன்படும் எண்முறையாயிற்று. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் இவ்விருவரின் பெயர்களைக் குறிக்கின்றன. 8 என்பது அதில் பயன்படும் தொனிகளின் எண்ணிக்கை.

இந்தியாவில் அமெச்சூர் வானொலியில் அனுப்புவதற்கு நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் உரிமம் தேவை. பொதுநிலை, கட்டுப்படுத்தப்பட்ட நிலை என இருவகை உரிமங்கள் உள்ளன.

குறிநீக்கம் நடைபெறும் முறை

குறிகை ஐந்து படிகளைக் கடக்கிறது. அலைவாங்கி அதனைப் பெறுகிறது. ஏற்பி அதனைக் கேட்கத்தக்க ஒலியாக மாற்றுகிறது. அவ்வொலி கம்பி வழியாகக் கணினிக்குச் செல்கிறது. ஒலி அட்டை அதனை எண்களாக மாற்றுகிறது. இறுதியாக மென்பொருள் அவ்வெண்களில் செய்தியைத் தேடுகிறது. எந்தப் படியில் பிழை நேர்ந்தாலும் பயனருக்குத் தெரியும் விளைவு ஒன்றே: திரை வெறுமையாக இருக்கும். இதனாலேயே காரணத்தைக் கண்டறிவது கடினமாகத் தோன்றுகிறது.

எஃப்.டி.8 முறையில் ஒரு செய்தி 77 பிட்டுகளைக் கொண்டது. அதனுடன் 14 பிட்டுச் சரிபார்ப்பு எண் சேர்ந்து 91 ஆகிறது. பிழைதிருத்தக் குறிமுறை இதனை 174 பிட்டுகளாக விரிக்கிறது. ஒவ்வொரு தொனியும் 3 பிட்டுகளைச் சுமப்பதால் 58 தொனிகள் செய்திக்குத் தேவை. ஒத்தியக்கத்திற்காக 7 தொனிகள் கொண்ட ஒரே தொகுதி மூன்று முறை சேர்க்கப்படுகிறது. ஆக மொத்தம் 79 தொனிகள். ஒரு தொனி 0.16 நொடி நீடிக்கும். முழுச் செய்தி 12.64 நொடி நீடிக்கும். தொனிகளுக்கு இடையே 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் எட்டும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்குகின்றன.

சரிபார்ப்பு எண் பொருந்தினால் மட்டுமே செய்தி திரைக்கு வரும். எனவே எஃப்.டி.8 இல் அரைகுறைச் செய்தி என்பது இல்லை. முழுமையாகக் கிடைக்கும், அல்லது ஒன்றும் கிடைக்காது. மாறாக, வானொலித் தொலையச்சிலும் பி.எஸ்.கே.31 இலும் பிழையுள்ள எழுத்துகளும் அப்படியே திரையில் தோன்றும். அம்முறைகளில் பிழையின் தன்மையே காரணத்தைக் காட்டிக்கொடுப்பதால் நோயறிதல் எளிது.

பிழையின் இடத்தைக் கண்டறிதல்

ஐந்து படிகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட, தொடரை நடுவில் பிரித்துச் சோதிப்பதே விரைவான வழி. டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் போன்ற மென்பொருள்கள் மாதிரி ஒலிக்கோப்புகளைத் தரவிறக்க வழிசெய்கின்றன. அக்கோப்பைத் திறந்ததும் செய்திகள் தோன்றினால் மென்பொருளும் அதில் தெரிவுசெய்த முறையும் சரியாக உள்ளன எனக் கொள்ளலாம்; பிழை அதற்கு முந்தைய படிகளில் உள்ளது. மாதிரிக்கோப்பும் குறிநீக்கம் ஆகாவிடில், அலைவாங்கியைத் தொடவே தேவையில்லை.

அடுத்ததாக, வானொலியின் ஒலியை ஒலிபெருக்கியில் கேட்டும் நீர்வீழ்ச்சிப் படத்தில் பார்த்தும் ஒப்பிட வேண்டும். நீர்வீழ்ச்சிப் படம் என்பது அதிர்வெண்ணைக் கிடையாகவும் நேரத்தைச் செங்குத்தாகவும் காட்டும் நகரும் படமாகும். காதில் கேட்பது படத்தில் இல்லையெனில் கம்பியிலோ ஒலி உள்ளீட்டுத் தெரிவிலோ பிழை உள்ளது. வானொலியை யு.எஸ்.பி. வழியாக இணைக்கும்போது மென்பொருள் தவறுதலாகக் கணினியின் சொந்த ஒலிவாங்கியைக் கேட்டுக்கொண்டிருப்பதுண்டு. கைதட்டும்போது நீர்வீழ்ச்சிப் படத்தில் கோடு விழுந்தால் இத்தவறு உறுதியாகும்.

நேரப் பிழை

எஃப்.டி.8 நிலையங்கள் அனைத்தும் 15 நொடி இடைவெளிகளில், ஒருங்கிணைந்த உலக நேரத்தை ஒட்டி இயங்குகின்றன. ஒவ்வொரு இடைவெளியும் தொடங்கி அரை நொடி கழித்துக் குறிகை தொடங்கும். பெறுபவரின் கடிகாரம் ஏறத்தாழ 2 நொடிக்கு மேல் பிசகினால் குறிநீக்கம் நின்றுவிடும். நல்ல நிலையில் இயங்க ஒரு நொடிக்குள் இருத்தல் வேண்டும்.

இந்திய நேரம் உலக நேரத்தினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. இந்த அரைமணி வேறுபாடே தம் சிக்கலுக்குக் காரணம் எனச் சிலர் கருதுவர். இது தவறு. 5 மணி 30 நிமிடம் என்பது 19,800 நொடி. இது 15 ஆல் மீதியின்றி வகுபடும். எனவே நேர வலயம் தவறாக இருந்தாலும் இடைவெளிகளின் தொடக்கம் மாறாது. நாட்குறிப்பில் பதியும் நேரம் மட்டுமே பிழையாகும். குறிநீக்கத்தைக் கெடுப்பது மணி அன்று, நொடி.

கணினியின் படிகக் கடிகாரம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினால்கூட நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 நொடி மாறும். இணையம் இல்லாமல் இரண்டு நாள் கழிந்தால் பிழை 3 நொடியைக் கடந்துவிடும். பழைய விண்டோசுப் பதிப்புகள் வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே நேரத்தைச் சரிபார்த்தன. எனவே நேர ஒத்திசைவு மென்பொருளைத் தனியே நிறுவுவது வழக்கம். புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்திய நேரத்தைப் பேணுவதுடன், இணையவழி நேரச் சேவையையும் வழங்குகிறது.

பிழையின் அளவை மென்பொருளே காட்டும். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் திரையில் டி.டி. என்னும் நிரல் ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு முந்தியோ பிந்தியோ வந்தது என்பதைத் தரும். ஒரு நிலையம் மட்டும் +1.2 எனக் காட்டினால் பிழை அவரிடம் உள்ளது. எல்லா நிலையங்களும் +1.2 ஐ ஒட்டியே காட்டினால், பெறுபவரின் கடிகாரம் 1.2 நொடி முந்தி ஓடுகிறது என்பது பொருள்.

ஒலி அளவுப் பிழை

ஒலி அளவைக் கூட்டினால் குறிநீக்கம் மேம்படும் என்பது பரவலான தவறான கருத்தாகும். குறிகையுடன் இரைச்சலும் சேர்ந்தே கூடுவதால் இரண்டின் விகிதம் மாறுவதில்லை. அளவு மிகும்போது ஒலி அட்டை அலையின் உச்சியை வெட்டிவிடும். அப்போது 800 ஹெர்ட்ஸில் உள்ள வலிய குறிகை 1600, 2400 ஹெர்ட்ஸிலும் போலியாகத் தோன்றி, அங்குள்ள நலிந்த குறிகைகளை மூடிவிடும். டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் மென்பொருளில், வெறும் இரைச்சல் மட்டும் வரும்போது அளவுமானி ஏறத்தாழ 30 டெசிபெல் காட்டுமாறு அமைத்தல் வேண்டும்.

பேச்சைத் தெளிவாக்கும் வசதிகள் எண்முறைக்குத் தீங்கு செய்யும். இயங்குதளத்தின் ஒலி மேம்பாடு, தானியங்கு ஒலிக் கட்டுப்பாடு, வானொலியில் உள்ள இரைச்சல் குறைப்பு ஆகியன தொனிகளின் வடிவத்தை மாற்றுகின்றன. அவற்றை நிறுத்திவிட வேண்டும். புதிய இயங்குதளங்களில் ஒலிவாங்கிக்கான தனியுரிமை அனுமதி மறுக்கப்பட்டிருந்தாலும் மென்பொருளுக்கு ஒலி சென்று சேராது.

அமைப்புப் பிழைகள்

* பக்கப்பட்டை: 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சுக்குக் கீழ்ப்பக்கப்பட்டையைப் பயன்படுத்துவது மரபு. ஆனால் எஃப்.டி.8 எல்லா அலைவரிசைகளிலும் மேற்பக்கப்பட்டையிலேயே இயங்குகிறது. 7.074 மெகாஹெர்ட்ஸில் மரபுப்படி கீழ்ப்பக்கப்பட்டையைத் தெரிவுசெய்தால் தொனிகள் தலைகீழாகி, எதுவும் குறிநீக்கம் ஆகாது.
* வடிகட்டி: மோர்சுத் தந்திக்கான 500 ஹெர்ட்ஸ் வடிகட்டி இயங்கிக்கொண்டிருந்தால், ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பரவியுள்ள நிலையங்களில் ஒரு சிறு பகுதியே தெரியும்.
* பதிப்பு: எஃப்.டி.8 செய்தி முதலில் 75 பிட்டுகளைக் கொண்டிருந்தது. 2018 டிசம்பரில் வெளியான 2.0 பதிப்பு அதனை 77 ஆக மாற்றியது. அதற்கு முந்தைய பதிப்புகள் இன்றைய குறிகைகளைப் படிக்க இயலா. பழைய கணினிகளில் இதுவே காரணமாக இருப்பதுண்டு.
* கட்ட எண்: நிலையத்தின் இருப்பிடம் உலகக் கட்ட முறையில் குறிக்கப்படும். வேலூரும் ஆம்பூரும் எம்.கே.92 கட்டத்திலும், சென்னை என்.கே.03 கட்டத்திலும் உள்ளன. இதில் தவறு நேர்ந்தால் தொலைவுக் கணக்கு மட்டுமே பிழையாகும், குறிநீக்கம் பாதிக்கப்படாது.

பிற முறைகளில் காணும் சிக்கல்கள்

வானொலித் தொலையச்சு ஐந்து பிட்டுக் குறிமுறையில், பெரும்பாலும் 45.45 பாட் வேகத்திலும் 170 ஹெர்ட்ஸ் இடைவெளியிலும் இயங்குகிறது. தொனிகள் இடம் மாறினால் பொருளற்ற எழுத்துகள் தொடர்ந்து வரும். எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே மாறும் குறி இரைச்சலில் தொலைந்தால் 599 என்னும் எண், டி, ஓ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். இதனைப் பழகியவர்கள் கண்டவுடன் புரிந்துகொள்வர்.

மெதுவரிப் படப் பரிமாற்றத்தில் படம் சாய்வாக வந்தால், அனுப்புபவரின் ஒலி அட்டை வேகமும் பெறுபவரின் வேகமும் ஒத்துப்போகவில்லை என்பது பொருள். மென்பொருளின் சாய்வுத் திருத்தத்தால் இதனைச் சரிசெய்யலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் சில வேளைகளில் 145.800 மெகாஹெர்ட்ஸில் இத்தகைய படங்களை அனுப்புகிறது. நிலையம் கடந்து செல்லும்போது டாப்ளர் விளைவால் அதிர்வெண் ஏறத்தாழ 3.4 கிலோஹெர்ட்ஸ் வரை இருபுறமும் நகரும்.

பொதித் தொடர்பில் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஆகிய இரு தொனிகள் பயன்படுகின்றன. இதில் பிழை கண்டறியப்படுமேயன்றித் திருத்தப்படாது. ஒரு பிட்டு தவறினாலும் முழுப் பொதியும் கைவிடப்படும். ஓசையடக்கி திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பொதியின் தொடக்கம் வெட்டுப்படுவது இங்கு அடிக்கடி நேரும் பிழை. ஓசையடக்கியை முழுமையாகத் திறந்துவிடுவதே தீர்வு.

வேலூர் - ஆம்பூர் பகுதியில் மின் இரைச்சல்

மேற்கண்ட அனைத்தும் சரியாக இருந்தும் செய்தி கிடைக்காவிடில், காரணம் பெரும்பாலும் இரைச்சலே. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் இவை வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் அமைந்துள்ளன. ஆலைகளில் டிரம் எனப்படும் பெரிய உருளைகளைச் சுழற்ற மின்னோடிகள் பயன்படுகின்றன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதைக் கட்டாயமாக்கியது. சுத்திகரிப்புக்கும் எக்கிகளும் காற்றூட்டிகளும் தேவை. பாலாற்றை ஒட்டிச் செல்லும் சென்னை - ஜோலார்பேட்டை இருப்புப்பாதை 25 கிலோவோல்ட் மின்மயமானது. இவற்றுடன் வீடுகளில் எல்.இ.டி. விளக்குகள், மின்னேற்றிகள், சூரிய மின் மாற்றிகள் ஆகியனவும் சேர்கின்றன. மின்னோட்டத்தை விரைவாகத் தொடுத்தும் துண்டித்தும் இயங்கும் எந்தக் கருவியும், தக்க வடிகட்டி இல்லாவிடில், வானொலி அலைகளைக் கசியவிடும்.

இரைச்சலின் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். எஃப்.டி.8 குறிநீக்கத்தின் கீழ் எல்லை ஏறத்தாழ -21 டெசிபெல். அமைதியான இடத்தில் -15 அளவில் வரும் நிலையம், இரைச்சல் 12 டெசிபெல் கூடிய இடத்தில் -27 ஆகி, எல்லைக்குக் கீழே மறைந்துவிடும். அமைதியான இடத்தில் -5 ஆக வரும் நிலையமோ -17 ஆகக் குறைந்தாலும் கிடைக்கும். எனவே அருகிலும் வலிமையாகவும் உள்ள நிலையங்கள் மட்டும் கிடைத்து, தொலைவிலுள்ளவை கிடைக்காமலிருப்பது இரைச்சலின் அடையாளம். இத்தகைய நிலையத்தை மற்றவர்கள் கேட்பர். அந்நிலையத்தால் அவர்களைக் கேட்க இயலாது.

இரைச்சலின் வகையை நீர்வீழ்ச்சிப் படத்தில் அடையாளம் காணலாம். மெதுவாக நகரும் மங்கலான தூண்கள் மின்னேற்றி போன்ற நிலைமாற்று மின்வழங்கிகளைக் குறிக்கும். சீரான இடைவெளியில் நிற்கும் கோடுகள் மின்னோடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் குறிக்கலாம். குறுக்காக விழும் கோடுகள் தீப்பொறியின் அடையாளம்; தொடர்வண்டி செல்லும்போது மட்டும் தோன்றினால் காரணம் வெளிப்படை. மின்கம்ப மின்காப்பிகளில் எழும் பொறி நொடிக்கு 100 முறை துடிக்கும். ஏனெனில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒரு சுழற்சியில் இருமுறை உச்சம் தொடுகிறது.

மூலத்தைக் கண்டறிய வானொலியையும் மடிக்கணினியையும் மின்கலத்தில் இயக்கி, வீட்டின் முதன்மை மின்னிணைப்பைத் துண்டித்துப் பார்க்க வேண்டும். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே உள்ளது. குறையாவிடில் வெளியே தேட வேண்டும். மின்வாரியம் முன்கூட்டி அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாள், இதற்குக் கிடைக்கும் இயற்கையான ஆய்வுக்கூடமாகும். அன்று வட்டாரம் முழுவதும் மின்சாரம் நின்றபின் குறிநீக்கங்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். ஆயினும் ஆலைகளின் மின்னாக்கிகள் அப்போது இயங்கத் தொடங்கும் என்பதை மறத்தலாகாது. ஆலையின் வார விடுமுறை நாளையும் வேலை நாளையும் ஒப்பிடுவது இன்னொரு வழி. திசையறிய, சிறிய மத்திய அலை வானொலிப் பெட்டியைக் கையில் ஏந்தி நடந்தாலே போதும்.

தீர்வுகளில் முதன்மையானது, அலைவாங்கியைக் கட்டடத்திலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் இயன்றவரை விலக்குவதாகும். அலைவாங்கிக் கம்பியிலும் யு.எஸ்.பி. கம்பியிலும் ஃபெரைட்டு வளையங்களைப் பொருத்துவது, கம்பியின் வெளிப்புறமாக ஏறிவரும் இரைச்சலைத் தடுக்கும். சிறிய கண்ணி அலைவாங்கியைச் சுழற்றி, இரைச்சல் வரும் திசையில் அதன் செவிட்டுப் பக்கத்தை நிறுத்தலாம். மூலம் அண்டை வீட்டிலோ ஆலையிலோ இருப்பின், பதிவுகளைக் காட்டி அமைதியாகப் பேசுவதே பயன் தரும். கடும் இடையூறுகளைத் தொலைத்தொடர்புத் துறையின் வானலைக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிடலாம்.

அயனிமண்டலத்தின் பங்கு

தென்னிந்தியா புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. 1963 இல் தும்பா ஏவூர்தி நிலையம் அமைக்கப்பட்ட இடத்தை இக்காரணமே தீர்மானித்தது. இப்பகுதியின் மேல் அயனிமண்டலம் சூரியன் மறைந்தபின் சில மணி நேரம் கொந்தளிப்பதுண்டு. அப்போது அதன் வழியே வரும் குறிகை நடுங்கி, ஒவ்வொரு தொனியும் அகன்று அடுத்ததுடன் கலக்கும். நீர்வீழ்ச்சிப் படத்தில் குறிகை வலிமையாகத் தெரிந்தும் குறிநீக்கம் ஆகாது. இதற்குக் கருவியில் தீர்வு இல்லை. காத்திருப்பதோ வேறு அலைவரிசைக்கு மாறுவதோ மட்டுமே வழி.

பேரிடர்க் காலத்தில்

2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர் அந்தமான் தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தனர். வேலூர் வட்டாரத்தில் 2021 நவம்பரில் பெய்த கனமழையால் பாலாறு பெருக்கெடுத்தது. பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் உயிரிழந்தனர். இத்தகைய வேளைகளில் கைப்பேசியும் மின்சாரமும் செயலிழக்கக்கூடும் என்பதால், குறிநீக்கச் சிக்கல்களை முன்னரே தீர்த்துவைப்பது பொழுதுபோக்கைக் கடந்த தேவையாகிறது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இணையம் நின்றால் கணினியின் நேர ஒத்திசைவும் நின்றுவிடும். மின்தடையால் இரைச்சல் குறைந்து காதுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும் அதே நாளில், கடிகாரப் பிழையால் எஃப்.டி.8 முடங்கக்கூடும். ஜி.பி.எஸ். ஏற்பி ஒன்றைக் கணினியுடன் இணைத்து நேரம் பெறுவது இதனைத் தவிர்க்கும். இரண்டாவது, எஃப்.டி.8 இல் கட்டற்ற செய்தி 13 எழுத்துருக்களுக்கு மேல் செல்லாது. மருந்து, படகு, ஆள் எண்ணிக்கை போன்ற விவரங்களை அனுப்ப அது பொருந்தாது. பி.எஸ்.கே.31, ஒலிவியா போன்ற தட்டச்சு முறைகள் இதற்கு ஏற்றவை; அவற்றுக்குத் துல்லியமான கடிகாரமும் தேவையில்லை.

அறிகுறிகளும் முதற் சோதனையும்

* மாதிரிக்கோப்பும் குறிநீக்கம் ஆகவில்லை: மென்பொருளின் பதிப்பு, தெரிவுசெய்த முறை.
* நீர்வீழ்ச்சிப் படம் வெறுமை: ஒலி உள்ளீட்டுத் தெரிவு, கம்பி, அனுமதி.
* கோடுகள் தெளிவு, செய்தி இல்லை: கடிகாரம், பக்கப்பட்டை.
* எல்லா நிலையங்களும் ஒரே அளவு பிந்திக் காட்டுகின்றன: சொந்தக் கடிகாரம் முந்துகிறது.
* ஒரே குறிகை பல இடங்களில்: ஒலி அளவு மிகுதி.
* வலிய நிலையங்கள் மட்டும் கிடைக்கின்றன: சுற்றுப்புற இரைச்சல்.
* அந்திக்குப்பின் கோடுகள் அகன்று மங்குகின்றன: அயனிமண்டலம்.

இவற்றையும் பார்க்க

* அமெச்சூர் வானொலி
* பண்பேற்றம்
* அயனிமண்டலம்
* ஒருங்கிணைந்த உலக நேரம்
* ஆம்பூர்